காந்தியைத் தேடி ஒரு லட்சம் மைல்: ஏ.கே. செட்டியார்

மும்பையில் டிராம்பே, செம்பூர், மாதுங்கா பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு சினிமா காமிரா ஒன்றும் அதிசயமில்லை. ராஜ் கபூர் 1948-ல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ செம்பூரில்தான் இருந்தது. 2017-ல் அங்கே பெரிய தீ விபத்து ஏற்பட்டது. பிறகு அந்த இடமே விற்கப்பட்டுவிட்டது. மாதுங்காவில் அரோரா தியேட்டருக்குத் தமிழ்ப் படம் பார்க்கப் போன மூத்த அங்கத்தினர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். மெயின் படம் தொடங்குவதற்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப் படம் ஒன்று கட்டாயம் ஓடும். அணைக்கட்டுத் திறப்பு விழா, பீகாரில் வெள்ளம், நேருஜியின் பொதுக்கூட்டம் என்று பத்து நிமிஷத்தில் தேசத்தைச் சுற்றி வந்துவிடலாம்.

டிராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலையின் பழைய படங்களையும் நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். படத்தில் நிற்பவர்களில் பண்டித நேரு யார், டாக்டர் ஹோமி பாபா யார் என்று குழந்தைகளுக்குக் காட்டிக் கொடுக்கிறோம். எதிரே காமிராவுடன் நின்றவர் யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அவர் இல்லாவிட்டால் நமக்குப் படமே இல்லை. ஆனாலும் அவர் படத்துக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார். அவருடைய வேலையின் தர்மமே அப்படி.

இப்படிப் பெயர் தெரியாமல் போன காமிராக்காரர்கள் சுமார் 100 பேருடைய உழைப்பைத் தேடி, உலகம் முழுவதும் அலைந்து, ஒரே படமாகச் சேர்த்தவர் ஒரு தமிழர். அவரும் காமிராக் கலையை முறையாகப் பயின்றவர். உலகம் சுற்றும் தமிழன் என்று பெயர் பெற்ற ஏ.கே. செட்டியார்தான் அவர். பிரயாண நூல்களின் ஆசிரியராக அவரை நம்மில் பலர் அறிவோம். காமிராவைத் தூக்கிக்கொண்டு அவர் செய்த காரியம் அந்த அளவுக்குப் பிரபலமாகவில்லை. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அ. கருப்பன் செட்டியார் 1911-ல் செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு திருவண்ணாமலையில். அந்நாளில் நகரத்தார் இளைஞர்கள் கப்பலேறி பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று கொடுக்கல் வாங்கல் தொழில் பழகுவது வழக்கம். செட்டியாரும் கப்பலேறினார். ஆனால் அவர் மனம் கணக்குப் புத்தகத்தில் நிலைக்கவில்லை. பத்திரிகையில் நிலைத்தது. ரங்கூனில் நகரத்தார்களுக்காக நடந்துவந்த தனவணிகன் என்ற பத்திரிகைக்கு இள வயதிலேயே ஆசிரியரானார்.

அங்கிருந்து அவர் எடுத்த அடுத்த முடிவு அந்தக் காலத்தில் எந்தப் பெற்றோரையும் கவலைப்படச் செய்திருக்கும். 1930-களின் நடுவில் ஜப்பானுக்குச் சென்று, டோக்கியோவில் புகைப்படக் கலையைப் படித்தார். ஐ.சி.எஸ்., பாரிஸ்டர் பட்டம், டாக்டர் பட்டம் ஆகியவற்றுக்காகக் கடல் கடந்தவர்கள் உண்டு. போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்வதற்காகக் கடல் கடந்த தமிழர்கள் மிகச் சிலரே. ஜப்பானில் கண்டதை ஒரு புத்தகமாகவும் எழுதினார். பிறகு அமெரிக்கா சென்று நியூயார்க்கில் உள்ள ஒரு புகைப்படக் கல்வி நிறுவனத்தில் சேர்ந்து, 1937-ல் பயிற்சியை முடித்தார்.

அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சமாரியா என்ற கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். நடுக்கடலில், மகாத்மாவின் வாழ்க்கையை முழுநீள ஆவணப் படமாகத் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறைவடையவில்லை. கையில் பெரிய மூலதனம் கிடையாது. சினிமாக் கம்பெனியின் ஆதரவும் கிடையாது.

அந்த எண்ணம் எவ்வளவு துணிச்சலானது என்பதை இன்று உணர்வது சிரமம். இன்று காந்தியடிகளைப் பற்றி ஏராளமான படங்கள் உள்ளன. 1937-ல் அவர் உயிரோடு, போராட்டத்தின் நடுவில் இருந்தார். ஆட்சி ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1930-ல் தண்டி யாத்திரையைப் பம்பாயின் படக் கம்பெனிகள் சில படமெடுத்தபோது, அவற்றைத் திரையிடக் கூடாது என்று அரசாங்கம் தடை விதித்தது. காந்தியடிகளுக்கோ சினிமாவில் துளியும் நாட்டமில்லை. தம் வாழ்நாளில் அவர் பார்த்த படங்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. காமிராவுக்காக நின்று முகம் காட்டும் வழக்கமும் அவரிடம் இல்லை. ஆட்சிக்குப் பிடிக்காத, கதாநாயகருக்கே ஆர்வமில்லாத ஒரு படத்துக்கு யார் பணம் போடுவார்கள்?

செட்டியார் தளரவில்லை. சென்னையில் டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்ற கம்பெனியை அமைத்துப் பணம் திரட்டினார். பிறகு தேடல் தொடங்கியது. காந்தியடிகளின் கடந்த காலத்தை அவரால் புதிதாகப் படமெடுக்க முடியாது. நடந்து முடிந்த சம்பவங்களை யாராவது எடுத்திருந்தால்தான் உண்டு. இந்தியத் தலைவர்கள் கூடிய இடங்களிலும், ஊர்வலங்களிலும், 1931-ல் காந்தியடிகள் வட்டமேஜை மகாநாட்டுக்கு லண்டன் சென்றபோதும் செய்திப் படக் கம்பெனிகளின் காமிராக்கள் இருந்தன. பேசும் படம் வந்த புதிதில், அதே 1931-ல், அமெரிக்காவின் ஃபாக்ஸ் மூவிடோன் கம்பெனி அவரைப் பேச வைத்து ஒலியோடு பதிவு செய்தது. ஆனால் இவை எல்லாம் ஓரிடத்தில் இல்லை. ஒரு சுருள் லண்டனில், இன்னொன்று பம்பாயில், மற்றொன்று யாரோ ஒரு தனிநபர் வீட்டு அலமாரியில் என்று சிதறிக் கிடந்தன.

இவற்றைத் தேடிச் சுமார் இரண்டரை ஆண்டு அலைந்தார். இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகள், தென்னாப்பிரிக்கா, இந்தியாவின் பல மாகாணங்கள் என்று அவர் செய்த பிரயாணம் ஏறக்குறைய 1,00,000 மைல். விமானப் பிரயாணம் சாதாரண மக்களுக்கு எட்டாத காலம் அது. இதில் பெரும்பகுதி கப்பலிலும் ரயிலிலும்தான். பூமியின் சுற்றளவு 25,000 மைல் என்று பள்ளியில் படித்தோம். அந்தக் கணக்கில், ஒரு படத்துக்காக நான்கு முறை பூமியைச் சுற்றி வந்தவர் அவர்.

பழைய சுருள்களைச் சேகரித்ததோடு நிற்கவில்லை. தாமே காமிராவைத் தூக்கிக்கொண்டு, காந்தியடிகள் வாழ்ந்த இடங்களைப் படம் பிடித்தார். காந்தியடிகள் பாரிஸ்டராகச் சென்று சத்தியாக்கிரகத்தைக் கண்டறிந்த தென்னாப்பிரிக்காவுக்கு நேரிலேயே போனார். டர்பன் அருகே 1904-ல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பும், ஜோஹன்னஸ்பர்க் அருகே 1910-ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையும் அந்த நாட்டில்தான் உள்ளன. அங்கே காந்தியடிகளுடன் சேர்ந்து சிறை சென்ற தமிழர்கள் ஏராளம்.

இப்படிச் சேர்ந்த படச் சுருளின் மொத்த நீளம் சுமார் 50,000 அடி. முப்பது ஆண்டு காலத்தில் சுமார் 100 காமிராக்காரர்கள் வெவ்வேறு இடங்களில் எடுத்தவை இவை. பௌதிகம் படித்தவன் என்ற முறையில் வாசகர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். பேசும் படம் வினாடிக்கு 24 சட்டம் வீதம் ஓடுகிறது. ஆகவே ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஆகும். 50,000 அடியைத் தொடர்ந்து ஓட்டினால் ஒன்பதே கால் மணி நேரம். இதைச் செட்டியார் 12,000 அடியாகச் சுருக்கினார். அதாவது சுமார் 2 மணி 13 நிமிஷம். நான்கு அடி கிடைத்தால் ஓர் அடிகூட முழுதாக மிஞ்சாது. ஆயிரக்கணக்கான மைல் போய்க் கொண்டு வந்த காட்சியை வெட்டி ஒதுக்குவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. மௌனப் படக் காலத்துக் காமிராவைக் கையால் சுழற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 சட்டம், வினாடிக்கு இரண்டு சுற்று என்பது பொதுவான வழக்கம். ஆக வினாடிக்கு 16 சட்டம்தான். அந்தச் சுருளைப் பேசும் படக் கருவியில் 24 சட்டம் வீதம் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் நடக்கும். மகாத்மா இயல்பிலேயே விரைந்து நடப்பவர். இப்படி ஓட்டினால் பொம்மை ஓடுவது போல் தெரிந்து, பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். இதைச் சரிசெய்ய, அச்செடுக்கும்போதே ஒன்றுவிட்டு ஒரு சட்டத்தை இரண்டு முறை பதிய வேண்டும். பழைய செய்திப் படங்களைச் சேர்த்துப் புதுப் படம் செய்கிறவர்கள் எல்லோரும் எதிர்கொண்ட பிரச்சினை இது.

அந்தக் காமிராக்காரர்களின் பாட்டையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1930-களில் செய்திப் படக்காரர்கள் அதிகம் கையாண்டது ஐமோ என்ற கைக்காமிரா. கடிகாரம் போல் சாவி கொடுத்தால் ஓடும். அதில் 100 அடி ஃபிலிம் கொள்ளும். ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகத்தான் எடுக்க முடியும். அதற்குள் சாவி தீர்ந்துவிடும். மறுபடி கொடுக்க வேண்டும். சுருள் முடிந்தால் வெயிலில், கூட்டத்தின் இடிபாட்டில், வெளிச்சம் படாமல் புதுச் சுருளை மாற்ற வேண்டும். சரியான நிமிஷம் தவறிவிட்டால் போனது போனதுதான். தலைவரை இன்னொரு முறை நடந்து வரச் சொல்ல முடியாது. தடியடி நடக்கும் இடமானால் காமிராக்காரருக்கும் அடி விழும். எடுத்த சுருளைப் போலீஸார் பறித்துக்கொள்ளவும் கூடும். இப்படி எடுத்தவை ஒவ்வொன்றும் 20 வினாடி, 30 வினாடித் துண்டுகள். மாலையில் பூக்களாகக் கோத்தது செட்டியாரின் கை.

இந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் டாக்டர் பி.வி. பதி. பாரிஸில் படித்து டாக்டர் பட்டம் பெற்ற அறிஞர். காமிராத் தொழிலையும் அங்கேயே கற்றுக்கொண்டு பம்பாய்க்கு வந்து, செய்திப் படங்களும் ஆவணப் படங்களும் எடுத்தவர். பிற்காலத்தில் ஃபிலிம்ஸ் டிவிஷனிலும் பணியாற்றினார். அரோராவில் நாம் பார்த்த செய்திப் படங்களுக்கு வழி வகுத்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். படத்தில் பாடல்களும் இடம்பெற்றன. ராட்டையைப் பற்றிய பாட்டை ஸ்ரீமதி டி.கே. பட்டம்மாள் பாடினார் என்பது நம் வாசகர்களுக்குச் சந்தோஷம் தரும் செய்தி. அவருக்கு அப்போது 21 வயதுதான்.

1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னை புரசைவாக்கம் ராக்ஸி தியேட்டரில் தமிழ் விளக்கவுரையுடன் படம் வெளியாயிற்று. காலமோ மிகக் கெட்ட காலம். உலக யுத்தம் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு ஆகிவிட்டது. காங்கிரஸ் மந்திரி சபைகள் 1939-லேயே ராஜினாமா செய்துவிட்டதால் சென்னை மாகாணம் கவர்னர் ஆட்சியில் இருந்தது. அந்த அக்டோபரில் காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வந்த பிறகு இப்படத்தைத் திரையிடுவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. தமிழுக்குப் பிறகு தெலுங்கிலும் தயாரான படம் பெட்டிக்குள் முடங்கியது. மூன்று ஆண்டு உழைப்பை மக்கள் பார்த்தது சொற்ப காலமே.

சுதந்திரம் வந்ததும் பெட்டி திறந்தது. 1947 ஆகஸ்டில் ஹிந்தி விளக்கவுரையுடன் டில்லியில் படம் காட்டப்பட்டது. காந்தியடிகள் மறைந்த பின் செட்டியார் மறுபடி அமெரிக்கா சென்றார். படத்தைச் சுருக்கி ஆங்கிலத்தில் ஒரு பதிப்பு தயாராகி, 1953-ல் வாஷிங்டனில் திரையிடப்பட்டது. அண்ணலைப் பற்றி ஒரு தமிழர் எடுத்த படம் இவ்வாறு நான்கு மொழிகளில் உலவியது.

இவ்வளவு செய்தவர் தம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார் என்று பார்த்தால், ஏறக்குறைய ஒன்றுமில்லை. 1943-ல் குமரி மலர் என்ற மாத இதழைத் தொடங்கி, கடைசிக் காலம் வரை விடாப்பிடியாக நடத்தினார். விளம்பர ஆரவாரம் இல்லாத பத்திரிகை. பாரதியாரின் மறைந்து கிடந்த எழுத்துகளையும், மறக்கப்பட்ட பழைய பத்திரிகைக் கட்டுரைகளையும் தேடி எடுத்து மறுபதிப்புச் செய்வதை ஒரு விரதமாகவே கொண்டார். சினிமாச் சுருளில் செய்ததையே காகிதத்திலும் செய்தார் என்று சொல்லலாம். ஜப்பான், அமெரிக்கா, மலேயா, கரிபியன் தீவுகள் என்று அவர் எழுதிய பிரயாண நூல்களில் ஊரும் மனிதர்களும் தெளிவாகத் தெரிவார்கள். எழுதியவர் மட்டும் கண்ணில் படமாட்டார். தமிழ்நாட்டில் 100 ஆண்டு காலத்தில் மற்றவர்கள் எழுதிய பயணக் கட்டுரைகளையும் திரட்டி 1968-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். படமெடுத்த கதையை அவர் குமரி மலரில் எழுதியது, வெகு காலம் கழித்து, 1970-களின் இறுதியில்தான். அதிலும் உதவியவர்கள் பெயர்தான் அதிகம். தம் பெருமை குறைவு. அது அவர் மறைவுக்குப் பின் 2003-ல் அண்ணல் அடிச்சுவட்டில் என்ற நூலாக வெளிவந்தது. 1983 செப்டம்பரில் சென்னையில் அவர் காலமானார்.

இனி வேதனையான செய்தி. ஒரு லட்சம் மைல் அலைந்து எடுத்த அந்தத் தமிழ்ப் படத்தை, வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி 2000-களில் தேடியபோது, அதன் பிரதி நம் நாட்டில் கிடைக்கவில்லை. கடைசியில் அவருக்குக் கிட்டியது அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்று பாதுகாத்து வைத்திருந்த ஆங்கிலச் சுருக்கப் பதிப்புதான். சிதறிக் கிடந்ததைச் சேர்ப்பதற்காக உலகைச் சுற்றியவரின் படமே சிதறிப் போய், அதைத் தேட இன்னொருவர் கிளம்ப வேண்டியதாயிற்று.

இதற்கு மனிதரின் அலட்சியம் பாதி, ரசாயனம் பாதி. 1950 வரையிலான 35 மில்லிமீட்டர் ஃபிலிம் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. வெடிமருந்துப் பஞ்சுக்கு நெருங்கிய உறவு. பற்றிக்கொண்டால் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது. தீப்பிடிக்காவிட்டாலும் நம் ஊர் வெக்கையில் தானே சிதைந்து, முதலில் பிசுபிசுத்து, பிறகு பொடியாகிவிடும். 2003 ஜனவரியில் புனேயில் ஏற்பட்ட தீ விபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் அழிந்தன. மௌனப் படக் காலத்தில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட படங்களில் எஞ்சியவை மிகக் குறைவு. நைட்ரேட்டுக்குப் பின் வந்த அசிடேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் ஈரமும் உஷ்ணமும் சேர்ந்தால் அதுவும் கெட்டுச் சுருங்கும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அழிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதில் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. நம் அங்கத்தினர் வீடுகளில், சென்னையானாலும் டில்லியானாலும் கொல்கத்தாவானாலும், பரணில் ஏதாவது ஒரு பெட்டி இருக்கும். 8 மில்லிமீட்டர் சுருளில் ஒரு கல்யாணம், வி.எச்.எஸ். காஸெட்டில் தாத்தாவின் சதாபிஷேகம், ஒரு பூணூல், இடிக்கப்பட்டுவிட்ட பூர்வீக வீட்டின் திண்ணை. அவை காந்தியடிகளின் படம் அல்ல. ஆனால் அவையும் ஒரே பிரதிதான். கடல் காற்று வீசும் மும்பையிலும் சென்னையிலும் பூசணம் பிடிக்க அதிக நாள் ஆகாது. இன்றைய வசதியில் அவற்றை டிஜிட்டல் முறைக்கு மாற்றுவது பெரிய செலவில்லை. மாற்றிய பிறகு ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள பிள்ளை, பெண் வீட்டில் வையுங்கள். மூலச் சுருளையும் தூக்கி எறிய வேண்டாம். ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும்.

டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, தேதி, ஊர், விசேஷம், படத்தில் இருப்பவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டில் 80 வயதைத் தாண்டியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு முகங்களைச் சொல்ல ஆள் இருக்காது. கடைசி வரியில், படம் எடுத்தவர் யார் என்றும் எழுதி வையுங்கள். மாமாவோ, பக்கத்து வீட்டுப் பையனோ, தெருக்கோடி ஸ்டூடியோக்காரரோ, அவர் பெயர் அந்தச் சீட்டில் இருக்கட்டும்.